ஊரை மீட்கத் திட்டம் எழுதச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

பூட்டியவீடு (கேள்வி):

வணக்கம். எங்கள் ஊரில் 340 வீடுகள். அதில் 112 பூட்டிக் கிடக்கின்றன. போன மாதம் நானே தெருத்தெருவாக நடந்து எண்ணினேன். ஊரை வாழவைத்த ஆலை மூடி ஒன்பது வருடமாகிறது. வேலை தேடிப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதித் தந்தால் நிதி கேட்டுப் பார்க்கலாம் என்று பதினோரு பேர் குழு போட்டு, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

குழுவில் பாதிப் பேர், பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மீதிப் பேர் சுற்றுலா என்கிறார்கள். யாரும் இறங்கி வருவதாக இல்லை. கையில் ஆறு மாதம் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள். அந்தப் பூட்டுகளைப் பார்க்கப் பார்க்க மனசு விட்டுப்போகிறது.

செம்மண்தடம்:

ஒரே ஆலையை நம்பி இருந்ததால்தானே இந்த நிலை? மறுபடியும் ஒன்றையே நம்புவதா என்று குழுவில் கேளுங்கள்.

சுற்றுலா கேட்பவர்களுக்கு ஜப்பானின் யூபாரி கதையைச் சொல்லுங்கள். நிலக்கரிச் சுரங்க ஊர். 1960 வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட மூட, நகராட்சி கடன் வாங்கி அருங்காட்சியகம், கேளிக்கைப் பூங்கா என்று கட்டிக்கொண்டே போனது. 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கடன் 3,500 கோடி யென்னைத் தாண்டி, 2007இல் நகராட்சி திவாலானது. பிறகு பள்ளிகளை இணைத்தார்கள், வரியை ஏற்றினார்கள், இருந்தவர்களிலும் பலர் கிளம்பிவிட்டார்கள். இன்று அங்கே பத்தாயிரம் பேர்கூட இல்லை.

கணக்குநோட்டு:

தம்பி, 22 வருடம் கிராம வளர்ச்சித் திட்டங்களிலேயே வேலை பார்த்தவள் நான். நான் எழுதிய முதல் திட்டம் தோற்றுப்போனது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

தையல் மையம் ஒன்று போட்டோம். இருபது எந்திரம், மூன்று மாதப் பயிற்சி. நிதி கொடுத்த அமைப்பு வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கதவைத் திறந்து காட்டினார்கள். எந்திரங்கள் வரிசையாக உறை போட்டபடி இருந்தன. ஓர் உறையைத் தூக்கினேன். பாதி தைத்த துணி ஊசிக்கு அடியிலேயே இருந்தது. ஊசி துருப்பிடித்து, துணியில் பழுப்பாக ஒரு பொட்டு. பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: “தைக்கத் தெரியும் தாயி. யாருக்குத் தைக்கிறது?” 64 பக்கத் திட்டத்தில் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அதனால் முதல் இரண்டு மாதம் எதையும் எழுதாதீர்கள். ஊருக்குள் வரும் பணம் எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். நாற்பது வீடுகளில் உட்கார்ந்து, போன மாதம் எதற்குச் செலவு செய்தார்கள், அந்தக் காசு யார் கைக்குப் போனது என்று மட்டும் கேளுங்கள். லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. பணத்தை மூன்று சுற்று பின்தொடர வேண்டும். ஊருக்குள் 100 வருகிறது, அதில் 20 மட்டும் உள்ளூர்க்காரர் கைக்குப் போகிறது, அவரும் ஐந்தில் ஒரு பங்கைத்தான் உள்ளூரில் செலவழிக்கிறார் என்றால் 100, 20, 4. மொத்தம் 124. ஐந்தில் மூன்று பங்கு உள்ளே நின்றால் 100, 60, 36. மொத்தம் 196. வெளியிலிருந்து ஒரு காசு கூடுதலாக வராமலே இந்த வித்தியாசம். குழுவில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், சத்தம் அடங்கும்.

அடுத்தது, வாங்குபவர் யார் என்பது. ஜப்பானில் கமிகாட்சு என்ற மலைக்கிராமத்தில் 1981 குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேளாண் கூட்டுறவில் வேலை பார்த்த தோமோஜி யோகோயிஷி, உணவுத்தட்டில் அலங்காரமாக வைக்கும் இலைகளையும் பூக்களையும் விற்கலாம் என்று 1986இல் தொடங்கினார். முதலில் சரியாக விற்கவில்லை. அவற்றை வாங்கும் உணவகங்களுக்கே போய், எந்தப் பருவத்தில் எந்த இலை, எந்த அளவில் வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் தொழில் நிலைத்தது. இலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். கணினியில் தேவையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஊரில் மக்கள்தொகை குறைவது நிற்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் இருப்பவர்கள் கௌரவமாகச் சம்பாதிக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

கட்டடம் எதைக் கேட்டாலும் பத்தாவது வருடம் அதைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டடம் வேண்டாம்.

கரையோரம்:

குழுவில் இருக்கும் பதினோரு பேரில் பெண்கள் எத்தனை பேர்? நிலம் இல்லாதவர்கள் எத்தனை பேர்? கனடாவின் ஃபோகோ தீவில் மீன்பிடித் தொழில் நொடித்து, மக்களை வேறிடத்துக்குப் பெயர்க்கும் பேச்சு இருந்த காலம். 1967இல் தேசியத் திரைப்பட வாரியத்தினர் தீவு மக்களின் பேச்சைப் படம்பிடித்து, அந்த மக்களுக்கே ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். நேருக்கு நேர் பேசத் தயங்கியவர்கள் மற்றவர் சொல்வதைத் திரையில் பொறுமையாகக் கேட்டார்கள். தீவை விட்டுப் போகவில்லை, கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இன்று உங்களுக்கு ஒரு கைப்பேசி போதும்.

பூட்டியவீடு:

பெண்கள் இரண்டே பேர். நிலம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. இந்த வாரமே மாற்றச் சொல்கிறேன்.

கணக்குநோட்டு அக்கா, பதினைந்து வீட்டில் கேட்டுவிட்டேன். பன்னிரண்டு வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதுக்கு 25 கிலோமீட்டர் போகிறார்கள். ஆலையில் எந்திரப் பராமரிப்பில் 18 வருடம் இருந்தவர் அடுத்த தெருவில் வேலையில்லாமல் இருக்கிறார். இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்குநோட்டு:

நாளைக்கே அவரைப் போய்ப் பாருங்கள் தம்பி. பணம் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என்னென்ன கருவி வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பாரா என்று மட்டும் கேளுங்கள். கேட்டதை இங்கே எழுதுங்கள், மீதி 25 வீட்டையும் முடித்துவிடுங்கள்.