கணக்கு வேலையை விட்டுவிட்டு சமூகப் பணி படிக்கலாமா?

கூட்டல்கழித்தல்:
வயது 28. ஐந்து வருடமாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளத்துக்குக் குறையில்லை, ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. ஒன்றரை வருடமாக ஞாயிறு காலையில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பேச்சுத்துணைக்குப் போகிறேன், வாரத்தில் எனக்குப் பிடித்த மூன்று மணி நேரம் அதுதான். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணியில் முதுகலைப் பட்டம்) சேர்ந்துவிடலாமா என்று யோசனை. வீட்டில் கேட்டால், "சேவை செய்ய ஆசையென்றால் லீவு நாளில் செய்டா, அதற்கு எதற்குப் பட்டம்?" என்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, நான் சட்டென்று அழுதுவிடுகிற ஆள். ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

ஏழாவதுவார்டு:
தம்பி, வீட்டில் கேட்டது நல்ல கேள்வி. சேவை வேறு, சமூகப் பணி வேறு. பன்னிரண்டு வருடமாக மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், ஒரு கேஸ் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான்). இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன பெரியவர். டிஸ்சார்ஜ் என்று சொன்னாலே வலி என்பார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வார்டில் எல்லோரும் அடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனால் ராத்திரி எப்படி என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் வந்தது: படுக்கை மாடியில், கழிப்பறை கீழே, மகளுக்கு இரவு ஷிப்ட். அதை யாரிடமும் சொல்ல அவருக்குக் கூச்சம்.

கட்டிலருகே வைக்கும் கமோட் நாற்காலி ஏற்பாடு செய்ய, பிசியோதெரபிஸ்டிடம் பேச, மகளைப் பிடிக்க, மூன்று நாள் ஆனது. உட்கார்ந்து பேசியது அரை மணி நேரம், மீதியெல்லாம் ஃபோனும் படிவமும்தான். பேச்சுத்துணை பிடித்திருக்கிறது என்கிறீர்களே, அந்த ஃபோனும் படிவமும் பிடிக்குமா என்று யோசியுங்கள். கணக்கு வேலை பார்த்தவருக்கு அது கைவரும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வேலையை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரே டாக்டர்தான், பாஸ்டனில் ரிச்சர்ட் கபோட், 1905-இல். மருந்து கொடுத்து அனுப்புகிறோம், வீடு அப்படியே இருந்தால் நோயாளி திரும்பத்தானே வருவார் என்பதுதான் அவருடைய கவலை.

மூன்றாம்செமஸ்டர்:
அழுகை பற்றி மட்டும். நானும் அப்படித்தான் அண்ணா. எம்.எஸ்.டபிள்யூ படிப்பின் களப்பணியில் முதல் மாதம் ஒரு வீட்டுக்குப் போய்வந்து, "தாய் பொறுப்பில்லாதவர்" என்று ரிப்போர்ட் எழுதினேன். மேற்பார்வையாளர் அந்த வரியைச் சுழித்து, ஓரத்தில் "பார்த்ததா, கேட்டதா, நீங்களே முடிவு செய்ததா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். நான் பார்த்தது, பத்து மணிக்குக் குழந்தை தலைவாராமல் இருந்தது, அவ்வளவுதான். வாரம் முழுக்கக் கேட்டதைக் கொட்டுவதற்கும் அதே மேற்பார்வை நேரம்தான். அங்கே அழுதிருக்கிறேன், யாரும் குறைத்து மதிப்பெண் போடவில்லை. எதிரில் இருப்பவர் நம்மைத் தேற்றும்படி அழுதுவிடக் கூடாது, அது பழகப் பழக வருகிறது.

விலகிவந்தவன்:
நான் ஆறு வருடத்தில் வெளியே வந்தவன், மறுபக்கத்தையும் கேளுங்கள். குடும்ப வன்முறை கேஸ்கள் பார்த்தேன். பாடத்தில் சுயநிர்ணய உரிமை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நிஜத்தில் அதற்கு அர்த்தம், தங்குமிடம், வக்கீல் எல்லாம் ஏற்பாடு செய்தபிறகு அந்தப் பெண் அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போவதாகச் சொன்னால், தடுக்க நமக்கு உரிமை இல்லை. பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று அவரோடு சேர்ந்து திட்டம் போட்டு, கதவைத் திறந்து வைத்திருக்கலாம். (குழந்தைக்கு ஆபத்து என்றால் கதை வேறு, அங்கே ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு.) அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தலைக்குமேல் கேஸ், மேற்பார்வை என்பது பேருக்குக்கூட இல்லை. ஒருநாள் எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கடிகாரத்தில் இருந்தது, அன்றைக்கே தெரிந்துவிட்டது. எங்கே சேர்ந்தாலும், ஒருவருக்கு எத்தனை கேஸ், மேற்பார்வை எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று இண்டர்வியூவிலேயே கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சம்பளமும் இப்போது வாங்குவதைவிடக் குறையத்தான் வாய்ப்பு அதிகம், வீட்டில் மறைக்காதீர்கள்.

கூட்டல்கழித்தல்:
அக்கா, அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் ஞாயிறு மட்டும் போவதால் இல்லத்தின் சமூகப் பணியாளரைப் பார்த்ததேயில்லை. இரண்டு நாள் லீவு போட்டு, வார நாளில் அவரோடு உட்காரலாமா என்று கேட்கப்போகிறேன். ராஜினாமா அப்புறம்.

ஏழாவதுவார்டு:
கேளுங்கள். ஃபைலைக் காட்டமாட்டார், சில நேரம் வெளியே உட்காரச் சொல்வார். வருத்தப்பட வேண்டாம், உள்ளே இருப்பவர் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம்.