சபாட்டிகல் விடுப்பு: ஏழு ஆண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, ஃபைலில் என்னென்ன வைப்பது?

ஏட்டுக்கட்டு (புதுச்சேரி):

வணக்கம். பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் இணைப் பேராசிரியர். 2026 ஜூலை 1 முதல் ஓராண்டு சபாட்டிகல் விடுப்புக்கு (படிப்பு, ஆய்வுக்காகச் சம்பளத்தோடு தரும் நீண்ட விடுப்பு) விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் இங்கேயே செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவச் சுவடிகளைப் படிப்பதற்கு. அடுத்த ஆறு மாதம் ஜெர்மனியில், ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையத்தில்.

சந்தேகங்கள்: சி.ஏ.எஸ். (ஆசிரியர் பதவி உயர்வுத் திட்டம்) வழியாக இணைப் பேராசிரியர் ஆனது 14.08.2018 முதல், ஆனால் ஆணை கைக்கு வந்தது 2020 நவம்பரில். விடுப்புக்கு வேண்டிய ஏழு ஆண்டுப் பணியை எதிலிருந்து எண்ணுவார்கள்? உதவிப் பேராசிரியராக இருந்த ஆண்டுகள் சேருமா? கல்வி விடுப்பு ஒருமுறை எடுத்தாகிவிட்டது, 2016 ஜூனில் திரும்பியது. உள்ளூர் நிறுவனத்தில் வேலை செய்ய விடுப்பு தருவார்களா? ஹாம்பர்க்கில் மாத உதவித்தொகை கிடைத்தால் சம்பளத்தைக் குறைப்பார்களா? வழிகாட்டுதலில் நான்கு பி.ஹெச்.டி. மாணவர்கள் இருக்கிறார்கள்.

—

தில்லைநடை (சிதம்பரம்):

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஜூலை 18 ஒழுங்குமுறையில் 8.3 என்ற பிரிவைப் பாருங்கள். இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டு முடித்த நிரந்தர, முழுநேர ஆசிரியருக்குத்தான் இந்த விடுப்பு. உதவிப் பேராசிரியராகப் பதினைந்து ஆண்டு இருந்தாலும் அது கணக்கில் வராது. பலரும் மொத்தப் பணிக்காலத்தை எழுதி அனுப்பிவிட்டு, ஃபைல் திரும்பி வந்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

பதவி உயர்வு ஆணையில் எந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது என்று இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு அடிப்படை. ஆணை கையெழுத்தான தேதி அல்ல. 14.08.2018 என்றால் 13.08.2025 அன்றே ஏழு ஆண்டு முடிந்துவிட்டது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் சர்வீஸ் புக்கில் (பணிப்பதிவேடு) அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஆணையில் 2018 என்று இருந்து, சர்வீஸ் புக்கில் பதிவு போட்டவர் 2020 நவம்பர் என்று எழுதியிருந்தால், பணியாளர் விவரங்களைக் கவனிக்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன் புக்கைத்தான் நம்பும். முதலில் திருத்தப் பதிவு, அதற்குத் துணைப் பதிவாளரின் சுருக்கொப்பம், பிறகு விடுப்பு விண்ணப்பம். அந்தப் பக்கத்தின் சான்றொப்பமிட்ட நகலையும் இணையுங்கள்.

கல்வி விடுப்பு விஷயத்தில் சிக்கல் இல்லை. திரும்பி வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு இடைவெளி வேண்டும். 2021 ஜூனிலேயே அது தீர்ந்தது. ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பயிற்சி எதற்காவது இடையில் போயிருந்தால் அதற்கும் இதே ஐந்தாண்டு விதி உண்டு, மறந்துவிடாதீர்கள். ஒருமுறைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டு ஆண்டு என்பது உச்சவரம்பு.

உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுப்பு விதிகளையும் எடுத்துப் படியுங்கள். யு.ஜி.சி. பிரிவைத் தழுவி பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டோ செயற்குழுவோ இயற்றிய விதியின் எண்ணைத்தான் விண்ணப்பத்தின் முதல் வரியில் குறிப்பிட வேண்டும்.

—

கெடிலக்கரை (கடலூர்):

தகுதி இருந்தும் ஃபைல் எங்கே நிற்கும் என்பதைச் சொல்கிறேன். ஆய்வுத் திட்டத்தில் பெரும்பாலும் நிற்காது. வகுப்புகளை யார் எடுப்பார்கள் என்ற பக்கத்தில்தான் நிற்கும்.

காரணம் எளிது. சபாட்டிகலில் முழுச் சம்பளமும் உங்களுக்கே போகிறது. இடம் காலியாகவில்லை, அதனால் மாற்று ஆள் போட அந்தச் செலவுத் தலைப்பில் பணம் மிஞ்சுவதில்லை. கௌரவ விரிவுரையாளர் வைத்தால், யு.ஜி.சி. 2019இல் சொன்ன அளவுப்படி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை. அது முழுக்கக் கூடுதல் செலவு. எச்.ஓ.டி. (துறைத்தலைவர்) தன் நோட்டில் ‘மாற்று ஏற்பாடு செய்துகொள்ளப்படும்’ என்று ஒற்றை வரி எழுதினால், நிதிப் பிரிவு உடனே ‘யார் செலவில்?’ என்று கேட்டுத் திருப்பும். ஒரு சுற்று போய்வர ஒரு மாதம் கரைந்துவிடும்.

எனவே அந்தப் பக்கத்தை நீங்களே தயாரித்துத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். இணைப் பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரம் நேரடி வகுப்பு. அதைப் பிரித்துக் காட்டுங்கள்: 4 மணி நேர விருப்பப் பாடம் அந்த ஓராண்டு நடத்தப்படாது, அதற்கு மாற்றாக மாணவர் எடுக்கக்கூடிய பாடம் இது, 4 மணி நேர முதன்மைப் பாடம் ஒன்றை இன்ன ஆசிரியர் ஏற்கிறார், இன்னொரு 4 மணி நேரப் பாடத்தை இன்னொருவர், முதுகலை ஆய்வேட்டு வழிகாட்டல் 2 மணி நேரம் மூன்றாமவருக்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்களுடைய இப்போதைய வேலைப்பளு, சேர்த்த பிறகு எவ்வளவு, ஒப்புதல் கையெழுத்து. ‘கூடுதல் செலவு இல்லை’ என்ற வாக்கியம் எச்.ஓ.டி. நோட்டில் இருந்தே ஆக வேண்டும். துறைக் கூட்டத்தில் வைத்து, நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் இணைத்தால் இன்னும் பலம்.

பி.ஹெச்.டி. மாணவர்களை வேறு வழிகாட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 பி.ஹெச்.டி. விதிப்படி பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான் உச்சம். நான்கு பேரைத் தள்ளினால் வாங்குபவரின் கணக்கு நிரம்பிவிடும். நீங்கள் வழிகாட்டியாகவே தொடருங்கள், ஒவ்வொருவருக்கும் இணை வழிகாட்டி ஒருவர். ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் ஒவ்வொரு பருவமும் வந்து நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் வையுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நிலையில் ஒருவர் இருந்தால், நீங்கள் ஹாம்பர்க் போகும் முன் அவர் வேலையை முடித்துவிடுங்கள். வழிகாட்டி ஊரில் இல்லை என்று மாணவரின் ஆறு மாதம் வீணாகக் கூடாது.

நிதியுதவித் திட்டம் ஏதும் உங்கள் பெயரில் ஓடினால், இணை ஆய்வாளருக்குத் தற்காலிகப் பொறுப்பு மாற்ற நிதி தந்த அமைப்பிடம் தனி அனுமதி வாங்குங்கள்.

காலக்கணக்கு: ஜூலை 1 வேண்டுமென்றால் டிசம்பரிலேயே துறையில் கொடுத்துவிடுங்கள். துறை, டீன், எஸ்டாபிளிஷ்மென்ட், நிதி, பதிவாளர், துணைவேந்தர், பிறகு சிண்டிகேட் அல்லது செயற்குழு. அந்தக் குழு நினைத்த நேரத்தில் கூடுவதில்லை. ஒரு கூட்டத்துக்கான பொருள்நிரல் மூடிவிட்டால் அடுத்த கூட்டம்தான்.

—

வைத்திக்குப்பம் (புதுச்சேரி):

உள்ளூர் நிறுவனம் பற்றி. வெளிநாடு போக வேண்டும், ஊர் தாண்ட வேண்டும் என்று 8.3இல் எங்கும் இல்லை. படிப்பு, ஆய்வு, அல்லது வேறு கல்விப்பணி, அவ்வளவே. ஆனால் ‘பக்கத்துத் தெருவுக்குப் போக எதற்கு விடுப்பு, சனி ஞாயிறு போதாதா?’ என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பதில் உங்கள் திட்டத்திலேயே இருக்கட்டும்.

சுவடிப் படிப்பின் வேகத்தை அப்படியே எழுதுங்கள். கட்டின் கயிற்றைத் தளர்த்தி, ஒவ்வொரு ஏடாகப் புரட்டி, விளிம்பு பொடிந்த இடத்தில் எழுத்தைக் கூட்டிப் படித்து, வரிக்கு வரி பெயர்த்தெழுதி, வேறு படியோடு பாடபேதம் பார்க்கிற வேலை அது. ஏடு பூச்சி அரித்திருந்தால் பத்து ஏட்டுக்கே ஒரு நாள் போகும். நிறுவனம் திறந்திருக்கும் வேலை நாள்களில்தான் கட்டு கைக்கு வரும். அதே நாள்களில்தான் உங்கள் 14 மணி நேர வகுப்பும். ‘சுவடிகளை ஆராய்தல்’ என்று பொதுவாக எழுதாமல் ‘இன்ன எண்ணுள்ள 12 கட்டுகள், மாதம் இரண்டு, ஆறாம் மாத முடிவில் ஒப்பீட்டு அட்டவணை’ என்று எழுதினால் கேள்வி எழாது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். நிறுவனத்தின் ஏற்புக் கடிதத்தில் தொடக்க, முடிவுத் தேதிகள் உங்கள் விண்ணப்பத்தோடு ஒரு நாள்கூட மாறக் கூடாது.

ஹாம்பர்க் பணம் பற்றி. உதவித்தொகை, ஆய்வு நல்கை, மதிப்பூதியத்துடன் தற்காலிகக் கற்பித்தல் எல்லாம் வாங்கலாம். முறையான வேலை மட்டும் கூடாது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் வருகை ஆய்வாளருக்குச் சில சமயம் ஊதிய ஒப்பந்தமே போட்டுத் தருவார்கள். அவர்களுக்கு அது வழக்கம், நமக்கு அது ‘வேறு நிறுவனத்தில் நியமனம்’. உதவித்தொகைக் கடிதமாகவே கேட்டு வாங்குங்கள். தொகையை மறைக்காமல் விண்ணப்பத்தில் சொல்லுங்கள். அதைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைத்துத் தரும் அதிகாரம் சிண்டிகேட்டுக்கும் செயற்குழுவுக்கும் உண்டு. எனவே வாடகை, காப்பீடு, விமானக் கட்டணம் என்று செலவுப் பட்டியலும் கூடவே போகட்டும்.

90 நாளுக்கு மேல் தங்குவதால் ஷெங்கன் விசா போதாது, ஜெர்மன் தேசிய விசா வேண்டும். வெளிநாட்டுப் பயண அனுமதியும் விஜிலன்ஸ் கிளியரன்ஸும் (ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்ற சான்று) விடுப்பு ஆணையில் தானாக வராது. தனித்தனி விண்ணப்பம்.

—

ஏட்டுக்கட்டு:

மூவருக்கும் மிக்க நன்றி. சர்வீஸ் புக்கை நாளையே பார்க்கிறேன். இன்னும் ஒன்று: என் இன்கிரிமென்ட் (ஆண்டு ஊதிய உயர்வு) ஜூலை 1. அதே நாளில் விடுப்பு தொடங்கினால் அது நின்றுபோகுமா? சி.ஏ.எஸ். கணக்கு என்ன ஆகும்?

—

தில்லைநடை:

நிற்காது. பொது விதியில் விடுப்பிலிருக்கும்போது வரும் இன்கிரிமென்டைத் திரும்பச் சேர்ந்த பிறகுதான் தருவார்கள். அந்தப் பழக்கத்தில் சம்பளப் பிரிவு நிறுத்தி வைக்கலாம். சபாட்டிகலுக்கு 8.3 தெளிவாக, உரிய தேதியிலேயே பெறலாம் என்கிறது. அந்த வரியை விடுப்பு ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். சம்பளமும் படிகளும் ‘விடுப்புக்குச் செல்லும் முன் இருந்த வீதத்தில்’ என்று அதே பிரிவில் இருப்பதால், இடையில் அகவிலைப்படி உயர்ந்தால் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குவது நல்லது. மத்திய அரசு விதியைப் பின்பற்றும் இடம் என்றால், முழு மாதமும் விடுப்பில் இருக்கும் மாதங்களுக்குப் போக்குவரத்துப் படி வராது.

சி.ஏ.எஸ். மதிப்பீட்டில் மகப்பேறு, கல்வி விடுப்பு, மருத்துவ விடுப்பு போன்ற சம்பள விடுப்புக் காலத்தைத் தள்ளிவிட்டு மீதிக் காலத்தை வைத்துத் தரம் போட வேண்டும் என்று 2018 விதியின் அட்டவணைக் குறிப்பு சொல்கிறது. அந்தப் பட்டியலில் சபாட்டிகல் என்ற சொல் இல்லை. தர மதிப்பீட்டுப் பிரிவில் இப்போதே கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

—

கெடிலக்கரை:

ஓய்வூதியத்துக்கு இந்த ஓராண்டு சேர வேண்டுமென்றால் விடுப்பு முடிந்ததும் திரும்பச் சேர்ந்தாக வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 60 என்பதால், 59இல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது பெரிய கண்ணி.

30.06.2027 விடுப்பு முடிந்தால் 01.07.2027 முற்பகலே சேர்க்கைக் கடிதம் கொடுங்கள், வியாழக்கிழமை. என்ன படித்தீர்கள், என்ன முடித்தீர்கள் என்ற அறிக்கையும் தர வேண்டும். பெயர்த்தெழுதிய பக்கங்களில் நான்கைந்தை இணைத்தால் போதும். கடிதம் இரண்டு படி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.