கை கழுவாத நர்ஸா, கை கழுவும் சிங்க்கா?

வார்டுக்காரி:
பக்கத்து விவாத இழையில் டாக்டர் நாடித்துடிப்பு எழுதியது: "ஐசியுவில் கிளெப்சியெல்லா பாக்டீரியா பரவினால் காரணம் ஒன்றே. நர்ஸுகள் கை சுத்தம் செய்வதில்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாங்கள் கை கழுவுகிற சிங்க்கிலேயே கிருமி குடியிருக்கிறது சார். டொரன்டோ ஜெனரல் மருத்துவமனை ஐசியுவில் 2004 முதல் 2006 வரை மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா 36 நோயாளிகளிடம் பரவியது. கடைசியில் அகப்பட்ட இடம் சிங்க் வடிகால். ஒளிரும் சாயம் ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள், ஒரு மீட்டர் வரை தெறித்திருந்தது.

நாடித்துடிப்பு:
ஒரே ஒரு ஆஸ்பத்திரியை வைத்து உலகத்துக்கே தீர்ப்பா? 1847இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார், பிரசவ வார்டில் சாவு மளமளவென்று குறைந்தது. கைதான் கடத்துகிறது.

வார்டுக்காரி:
அவர் கழுவச் சொன்னது யார் கையை? பிணத்தை அறுத்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வந்த டாக்டர்கள், மாணவர்கள் கையை! மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் முன்பே சாவு குறைவு. சரித்திரம் பேசினால் முழுசாகப் பேசுங்கள்.

நுண்நோக்கி:
ரெண்டு பேரும் சிங்க்கை விட்டு வெளியே வாங்க. மருந்தை எதிர்க்கும் மரபணு, பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் ஏறி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. 2015இல் சீனாவில் கண்ட எம்சிஆர்-1 மரபணு, கடைசி மருந்தான கொலிஸ்டினையே அப்படித்தான் மழுங்கடிக்கிறது. தேவையில்லாமல் எழுதுகிற மெரோபெனம் என்ற வீரிய ஆன்டிபயாடிக்தான் பேச வேண்டிய விஷயம்.

வார்டுக்காரி:
மெரோபெனம் எழுதுவது நர்ஸா? அந்தத் தாவலுக்குத் தோதான இடமே சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாயில் படிகிற வழவழப்புப் படலம். மீந்த குளுக்கோஸ், மிச்ச ஆன்டிபயாடிக், ஆறிப்போன டீ எல்லாம் அதில்தான் போகிறது. தீனியும் நாமே, பயிற்சியும் நாமே. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2017இல் காட்டினார்கள்: தீனி கிடைத்தால் வளைவிலிருந்து ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலே ஏறி வருகிறது. சல்லடைக்கு வந்ததும் தெறிக்கிறது.

குழாய்க்காரர்:
குழாய்த் தண்ணி நேரா ஓட்டை மேல விழுந்தா தெறிக்கத்தான் செய்யும். வாயைத் தள்ளி வெச்சு, தொட்டியை ஆழமா போடணும். மாட்டும்போது எங்ககிட்ட யாரும் கேக்கறதில்ல.

நாடித்துடிப்பு:
இது மருத்துவ விவாதம். பிளம்பிங் பேச வேறு இடம் பாருங்கள்.

குழாய்க்காரர்:
அடைச்சா மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போடறீங்களே, அப்ப நான் எந்தத் துறை?

வார்டுக்காரி:
அவரை விரட்டாதீர்கள். டொரன்டோவில் பரவல் அடங்கியது சிங்க்கை மாற்றி அமைத்த பிறகுதான். வேலை செய்தது அவர் போன்ற கைதான்.

நாடித்துடிப்பு:
சிங்க், சிங்க், சிங்க்! போன மாதம் கதீட்டர் இழையிலும் இதே பிடிவாதம். 2011இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் கிளெப்சியெல்லா 18 பேரிடம் பரவியது. மரபணு வரிசையைப் படித்தார்கள், எல்லாம் ஒரே நோயாளியிடமிருந்து கிளம்பியது. ஆளிடமிருந்து ஆளுக்கு!

வார்டுக்காரி:
அதே மருத்துவமனையில் அதே கிருமி சிங்க் வடிகாலிலும் இருந்தது. சுத்தம் செய்து வைத்த வென்டிலேட்டரிலும் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்டவில்லை? கதீட்டர் இழையிலும் கடைசியில் பதில் சொல்லாமல் போனது நீங்கள்தான்.

நுண்நோக்கி:
மெரோபெனம் பற்றிக் கேட்டேன்…

நாடித்துடிப்பு:
வடிகாலிலிருந்து நோயாளியின் வாய்க்கு எது கொண்டுபோனது? கை!

வார்டுக்காரி:
கைக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் வார்டு சிங்க்குகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஸ்வாப் எடுத்து, கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்சருக்கு அனுப்பி, ரிப்போர்ட்டை இங்கே போடுங்கள். அதுவரை எங்கள் கையைப் பற்றிப் பேசாதீர்கள்.

நாடித்துடிப்பு:
முதலில் உங்கள் வார்டில் கை சுத்தத் தணிக்கை எவ்வளவு சதவீதம், அதைப் போடுங்கள்.