தெர்மோக்ளைனில் உப்புத்தன்மை ஸ்பைக்: சராசரி இடைவெளியைக் கூட்டினால் போகுமா?

அலைமேடு:
எஸ்பிஇ 911 பிளஸ் சிடிடி (கடல்நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழத்தை அளக்கும் கருவி), 24 ஹெர்ட்ஸ், இறக்கும் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். தெர்மோக்ளைனை (ஆழத்தோடு வெப்பநிலை வேகமாகக் குறையும் அடுக்கு) தாண்டும்போது உப்புத்தன்மை 0.05 வரை குறைவாக ஸ்பைக் (திடீர் பொய்த் தாவல்) அடிக்கிறது. ஏற்றத்தில் அதே இடத்தில் கூடுதலாக அடிக்கிறது. இப்போதைய வரிசை: கன்வர்ஷன் (மூல எண்களை அளவுகளாக மாற்றுதல்), மின்கடத்துதிறனுக்கு 0.073 விநாடி அலைன் (சென்சார்களின் நேரத்தைப் பொருத்துதல்), 1 டெசிபார் (சுமார் 1 மீட்டர் ஆழம்) சராசரி. அடுத்த ஸ்டேஷனுக்குள் (கப்பல் நின்று அளக்கும் இடம்) டேட்டா தயாராக வேண்டும். சராசரியை 2 டெசிபார் ஆக்கலாமா?

ஆழமானி:
வேண்டாம். ஸ்பைக் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் சராசரியில் மழுங்குமே தவிர கழிந்து போகாது.

நீங்கள் சொல்லும் திசையைப் பார்த்தால் அலைன் இரண்டு முறை நடந்திருக்கும் போலிருக்கிறது. பம்ப் இழுக்கும் நீர் முதலில் வெப்பநிலை சென்சாரையும், பிறகு மின்கடத்துதிறன் செல்லையும் தொடுகிறது. அந்த 0.073 விநாடியை, அதாவது 1.75 ஸ்கேனை (விநாடிக்கு 24 அளவீடுகளில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்கேன்), டெக் யூனிட்டே (கப்பலில் டேட்டாவைப் பெறும் பெட்டி) முன்னகர்த்திவிடும். மென்பொருளிலும் போட்டால் செல் கீழேயுள்ள குளிர்நீரை முந்திக்கொண்டு காட்டும். வெப்பநிலையோ இன்னும் மேல்நீருடையது. கணக்கில் உப்பு குறையும். அலைனே நடக்காமல் விட்டிருந்தால் இறக்கத்தில் ஸ்பைக் கூடுதல் பக்கம் வந்திருக்கும்.

ஹெக்ஸ் கோப்பின் (மூல டேட்டா கோப்பு) தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள், டெக் யூனிட்டின் மதிப்பு அங்கே இருக்கும். முதல் சென்சார், இரண்டாம் சென்சார் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் நகர்த்தியிருக்கவும் கூடும்.

உப்புக்கோடு:
அலைனோடு முடியாது. செல்லின் கண்ணாடி தேக்கிவைக்கும் வெப்பத்துக்கும் திருத்தம் வேண்டும்: செல் தெர்மல் மாஸ், அதன் இரு குணகங்கள் ஆல்ஃபா 0.03, 1/பீட்டா 7. அதை 24 ஹெர்ட்ஸ் டேட்டாவிலேயே செய்ய வேண்டும். சராசரி போட்ட பிறகு வழியில்லை.

கப்பல் ஆட்டத்தில் ரொசெட் (சிடிடியும் நீர் மாதிரிப் புட்டிகளும் பொருத்திய சட்டம்) பின்வாங்கினால் அது இழுத்து வந்த நீரையே சென்சார் மறுபடி அளக்கும். அதற்கு லூப் எடிட் (அப்படிப்பட்ட ஸ்கேன்களை ஒதுக்கும் படி), குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 0.25 மீட்டர். அதற்கு முன் அழுத்தத்துக்கு 0.15 விநாடி லோ பாஸ் ஃபில்டர் (வேகமான இரைச்சலை மட்டுப்படுத்துவது) போடாவிட்டால் இரைச்சலையே வேகம் என்று எடுத்துக்கொண்டு நல்ல ஸ்கேன்களையும் தள்ளிவிடும்.

ஆக கன்வர்ஷன், ஃபில்டர், அலைன், தெர்மல் மாஸ், லூப் எடிட், கடைசியில் சராசரி. பேட்ச் கோப்பாக (படிகளை வரிசையாகத் தானே ஓட்டும் கோப்பு) எழுதிவிட்டால் ஸ்டேஷனுக்குச் சில நிமிடம்தான். நடுவழியில் சென்சார் மாற்றினால் சென்சார் குணகங்கள் உள்ள கான்ஃபிகரேஷன் கோப்பையும் மாற்ற மறக்காதீர்கள். பழைய குணகத்தில் வரும் கோடு அழகாகவே இருக்கும், சந்தேகமே வராது.

அலைமேடு:
தலைப்பகுதியில் இரண்டுக்கும் 0.073 இருக்கிறது. மென்பொருளில் 0 ஆக்கிவிட்டேன். ஆக்சிஜனையும் அப்படியே விடலாமா?

ஆழமானி:
கூடாது, அந்த சென்சார் மெதுவானது. 2 முதல் 5 விநாடி வரை ஒவ்வொன்றாகப் போட்டு, வெப்பநிலைக்கு எதிராக இறக்கம், ஏற்றம் இரண்டையும் வரையுங்கள். கோடுகள் எதில் அதிகம் ஒட்டுகின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.