கம்யூனிஸ்ட் கட்சிகளின் வேறுபாடு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமார், தோழர்கள் எல்லோருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். போன வாரம் மடியில் தட்டை வைத்து இலை வெட்டிக்கொண்டே ஒரு அக்கா கேட்டார்: "ஏஐடியுசி, சிஐடியு, ஏஐசிசிடியு எல்லாரும் அதே கூலி உயர்வத்தான கேக்காவ? பெறவு ஏன் தனித்தனியா நிக்காவ?"

நியாயமான கேள்வி. அவர் சொன்ன மூன்றும் முறையே சிபிஐ, சிபிஎம், மா-லெ (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) லிபரேஷன் கட்சிகளின் தொழிற்சங்கங்கள். 1964இல் சிபிஐ பிளந்து சிபிஎம் பிறந்தது, நக்சல்பாரி உழவர் எழுச்சி, 1969இல் மா-லெ கட்சி, அப்புறம் அதுவும் பல குழுக்களாக உடைந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். அது பதிலாகாது. சிபிஐ தேசிய ஜனநாயகப் புரட்சி என்கிறது, சிபிஎம் மக்கள் ஜனநாயகப் புரட்சி என்கிறது, எஸ்யுசிஐ என்ற இன்னொரு இடதுசாரிக் கட்சி நேரடியாகச் சோசலிசப் புரட்சி என்கிறது. உள்நாட்டு முதலாளிகளில் ஒரு பகுதியையாவது கூட்டாளியாக நம்பலாமா என்பதுதான் இதன் அடிநாதம் என்று நினைக்கிறேன். காங்கிரஸ் அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலையை சிபிஐ ஆதரித்ததும் சிபிஎம் எதிர்த்ததும் அதிலிருந்துதான் புரிகிறது.

ஆனால் 2024இல் சிபிஐ, சிபிஎம், லிபரேஷன் மூன்றும் இந்தியா கூட்டணியில் இருந்தன. லிபரேஷன் பீகாரில் ஆரா, காராகாட் தொகுதிகளை வென்றது. அப்படியானால் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் வேறுபாடு என்ன? இணைப்புக்குத் தடை கொள்கையா, அமைப்பா?

எளிய தமிழில் கட்சித் திட்டங்களோ பழைய பிரசுரங்களோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பிளவுக் காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து பேசுகிறோம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, அடுத்த கட்சியைத் திட்டாமல் விளக்கினால் போதும்.