ஒரே ஐஆர்எஃப் எண்ணை இரண்டு நிறுவனங்கள் தயாரிப்பது எப்படி?

பற்றாசு எழுதியது:

24 வோல்ட் மோட்டார் ஒன்றை இயக்கும் பழைய பலகையில் எரிந்துபோன மாஸ்ஃபெட்டை (மின்சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரை) கழற்றினேன். அதன் மேல் ஐஆர்எஃப்இசட் 44 என்ற எண்ணும், "ஐஓஆர்" என்று படிக்கத்தக்க ஒரு முத்திரையும் இருந்தன. மாற்றுக்காகத் தேடியபோது ஐஆர்எஃப்இசட் 44 என்பதை விஷே நிறுவனமும், ஐஆர்எஃப்இசட் 44என் என்பதை இன்ஃபினியான் நிறுவனமும் விற்பதைக் கண்டேன். ஐஓஆர் என்ற பெயரில் எந்த நிறுவனமும் கிடைக்கவில்லை. இவ்விரண்டில் எது அசல், எது நகல்? ஒரே எண் இரண்டு நிறுவனங்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

செலினியம்47 எழுதியது:

நடுவில் இருப்பது "ஓ" என்ற எழுத்தே அல்ல. ஐ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் இடையே வரையப்பட்ட, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடின் குறியீடு, சிறிய அச்சில் வட்டமாகத் தெரிகிறது. அது இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் நிறுவனத்தின் முத்திரை. எண்ணின் தொடக்கத்தில் உள்ள "ஐஆர்" என்பதும் அதுவே.

லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் பிறந்து, பெர்லினில் பொறியியல் படித்து, 1937இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எரிக் லிடோவும் அவருடைய தந்தை லியோன் லிடோவும் 1947இல் கலிஃபோர்னியாவில் அதைத் தொடங்கினார்கள். பெயரிலேயே இருப்பதுபோல, முதலில் அவர்கள் செய்தது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் செலினியம் ரெக்டிஃபையர்கள். உலோகத் தகட்டில் செலினியம் பூசிச் செய்யப்படும் அந்தத் தகடு ஒவ்வொன்றும் சில பத்து வோல்ட் மட்டுமே தாங்கும் என்பதால், தேவைக்கேற்பப் பல தகடுகளை ஒரே தண்டில் கோத்து அடுக்குவார்கள். அது எரிந்தால் எழும் அழுகிய நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிறகு ஜெர்மானியத்துக்கும் சிலிக்கானுக்கும் மாறிய அந்நிறுவனம், சூரிய மின்கலங்களையும் செய்து, 1912ஆம் ஆண்டு பேக்கர் மின்காரின் மேல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களைப் பரப்பி ஓட்டிக் காட்டியது. 2015 ஜனவரியில் இன்ஃபினியான் அதை வாங்கிவிட்டது. எனவே இன்ஃபினியான் விற்பதுதான் அசல் என்பது என் கருத்து.

அலைநோக்கி எழுதியது:

மேலே உள்ள வரலாறு சரி, முடிவு மட்டும் சரியில்லை. 2015க்கு முன்பே 2007இல் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் தன் பழைய தலைமுறைப் பொருள்கள் பலவற்றை, எண்களோடு சேர்த்து, அவ்வாண்டு விஷேக்கு விற்றுவிட்டது. கடைசியில் "என்" இல்லாத ஐஆர்எஃப் 540, ஐஆர்எஃப் 840, ஐஆர்எஃப்இசட் 44 போன்றவை இன்று விஷேயிடம் இருப்பது அதனால்தான். "என்" சேர்ந்த புதிய தலைமுறை தாய் நிறுவனத்திலேயே தங்கி, பின்னர் இன்ஃபினியானிடம் போனது. ஆகவே இரண்டுமே வாரிசுகள்தாம். நகல் என்று எதுவும் இல்லை.

இந்தப் பொருள்களுக்கு அவ்வளவு மதிப்பு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். 1970களின் நடுவில் சிலிகானிக்ஸ் நிறுவனம் சிலிக்கானில் ஆங்கில "வி" வடிவப் பள்ளம் அரித்து, மின்னோட்டத்தை மேலிருந்து கீழாகச் செலுத்தும் மாஸ்ஃபெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கூரான பள்ளத்தின் நுனியில் மின்புலம் குவிந்ததாலும், பள்ளத்தை ஒரே சீராக அரிப்பது கடினமாக இருந்ததாலும், அந்த வழி நீண்ட தூரம் போகவில்லை. எரிக்கின் மகன் அலெக்ஸ் லிடோ, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று 1977இல் தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்து, டாம் ஹெர்மனுடன் இணைந்து, பள்ளமே இல்லாத தட்டையான மேற்பரப்பில் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணச் செல்களை ஆயிரக்கணக்கில் நெருக்கி, அனைத்தையும் பக்க இணைப்பில் சேர்த்தார். ஒவ்வொரு செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கடத்தினாலும், எல்லாம் சேரும்போது மின்தடை வெகுவாகக் குறைகிறது. 1970களின் இறுதியில், அறுகோணத்தைக் குறிக்கும் "ஹெக்ஸ்" சேர்த்து, ஹெக்ஸ்ஃபெட் என்ற பெயரில் இது வெளிவந்தது. பிற்காலத்தில் உள்ளே கட்டமைப்பு மாறி அறுகோணமே இல்லாமல் போன பிறகும், தரவுத்தாளின் தலைப்பில் ஹெக்ஸ்ஃபெட் என்ற பெயர் மட்டும் தொடர்ந்தது.

பின்னாளில் விஷே சிலிகானிக்ஸையும் தன் வசமாக்கிக்கொண்டது. ஆகவே நீங்கள் பார்த்த ஐஆர்எஃப்இசட் 44 தரவுத்தாளில் "விஷே சிலிகானிக்ஸ்" என்று இருக்கும். பள்ளம் தோண்டிய போட்டியாளரின் பெயரில், பள்ளமில்லாமல் வென்றவரின் பொருள் விற்கப்படுகிறது! 2008இல் விஷே இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் நிறுவனத்தை முழுவதுமாகவே கேட்டு, பங்குக்கு 23 டாலர் வரை விலையை உயர்த்தியும் இயக்குநர் குழு மறுத்துவிட்டது. இன்ஃபினியான் பின்னர் கொடுத்தது 40 டாலர், மொத்தம் ஏறத்தாழ 300 கோடி டாலர். அலெக்ஸ் லிடோ அதற்கு வெகு முன்னரே, 2007இல் விலகி, காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களுக்கென்று தனி நிறுவனம் தொடங்கியிருந்தார். எரிக் லிடோ நூறு வயது நிறைந்து 2013இல் மறைந்ததால், விற்பனையை அவர் பார்க்கவில்லை.

செலினியம்47 எழுதியது:

2007 விற்பனை எனக்குத் தெரியாமல் போனது, திருத்தத்துக்கு நன்றி. தொடர்புடைய இன்னொரு செய்தி: விஷே என்பது லித்துவேனியாவில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். யூதப் படுகொலையில் மாண்ட தம் உறவினர்களின் நினைவாக, விஷே நிறுவனத்தை நிறுவிய ஃபெலிக்ஸ் ஸாண்ட்மன் அந்தப் பெயரை வைத்தார். இரு குடும்பங்களின் வேரும் ஒரே சிறிய நாட்டில்தான் இருந்திருக்கிறது.

அலைநோக்கி எழுதியது:

கேள்வி கேட்டவருக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டும் அசல்தான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஐஆர்எஃப்இசட் 44 தாங்குவது 60 வோல்ட், மின்தடை 28 மில்லிஓம். ஐஆர்எஃப்இசட் 44என் தாங்குவது 55 வோல்ட், மின்தடை 17.5 மில்லிஓம். புதியது குறைவாகச் சூடாகும். ஆனால் 5 வோல்ட் குறைவாகத் தாங்கும். மோட்டார் நிற்கும் கணத்தில் மாஸ்ஃபெட்டின் டிரெயினில் (மோட்டாரோடு இணைந்த காலில்) எழும் மின்னழுத்தத்தை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பற்றாசு எழுதியது:

அளந்தேன். மோட்டாரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரெயினில் 60 வோல்ட்டைத் தாண்டிய கூர்முனை தெரிந்தது. அப்படியானால் எந்த எண்ணைப் போட்டாலும் எரியும் என்பதால் மேற்கொண்டு தேடினேன். மோட்டார் நிற்கும்போது எழும் மின்னழுத்தத்தை அடக்குவதற்காக அதற்குக் குறுக்கே உள்ள டயோடின் ஒரு கால், பற்றவைப்பு வளையமாக விரிசல் கண்டு, தொட்டால் ஆடியது. அதை மீண்டும் பற்றவைத்த பிறகு கூர்முனை 26 வோல்ட்டைத் தாண்டவில்லை. "என்" சேர்ந்ததையே பொருத்திவிட்டேன். ஒரு மணி நேரம் ஓடியும் வெப்பத்தகடு லேசாகத்தான் சுடுகிறது.