இருபத்தாறு நோட்டிலும் ஒரே பதில்: "வந்தியத்தேவன் நல்லவன், வீரமானவன்"

ஏற்காடு தமிழ் டீச்சர்:
நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் முதல் பாகத்தை வாரம் இரண்டு அத்தியாயமாகச் சத்தமாக வாசிக்கிறோம். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். ஆனால் அதன் நாயகனைப் பற்றி, "வந்தியத்தேவன் எப்படிப்பட்டவன்?" என்று எழுதச் சொன்னால் 26 நோட்டிலும் மேலே உள்ள வரிதான். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இதே பிள்ளைகள் சத்துணவு வரிசையில் நின்று ஊரில் ஒவ்வொருவரையும் பற்றி அவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நோட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

ஆத்தூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'எப்படிப்பட்டவன்' என்று கேட்டாலே பிள்ளைகள் பண்புப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒரு காட்சியைப் பிடியுங்கள். தஞ்சை அரண்மனையில் மன்னர் சுந்தர சோழரிடம் வந்தியத்தேவன் "அபாயம்" என்று எச்சரிக்கிறான். கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் அது காதில் விழுந்து கேட்டதும், "அபயம்" என்றுதான் சொன்னேன் என்கிறான். ஒரு துணைக்காலை எடுத்துவிட்டு உயிர் தப்புகிறான். அங்கே நிறுத்தி, "நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேளுங்கள்.

அம்மாபேட்டை ஆசிரியை:
ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நந்தினிக்கு வரும்போது கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன்: அவளைத் தங்கை என்று சொல்லும் ஆழ்வார்க்கடியான், அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர், இளவரசி குந்தவை. மூவரும் அவளைப் பற்றிச் சொல்வது ஒன்றுக்கொன்று ஒட்டாது. யார் சொன்னது, எந்தப் பக்கம் என்று எழுதினால்தான் மதிப்பெண். சொல்கிறவருடைய குணமும் அதில் தெரிகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஏற்காடு தமிழ் டீச்சர்:
ஐயா, செய்து பார்த்தேன். முதலில் நாவலை எடுக்கவே இல்லை. "மிளகு வாங்க வருகிற வியாபாரி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன். "ஏமாத்துவார்" என்றாள் ஒருத்தி. எப்படித் தெரியும் என்றேன். "ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோ கழிப்பார் டீச்சர். நெசமா ஈரமா இருந்தா காயப்போடணும்ல? அப்பவே மூட்டையைக் கட்டிருவார்." இதைவிட நல்ல சான்று நான் எங்கே போய்த் தேடுவேன்!

அப்புறம் கரும்பலகையில் 'அபாயம்' என்று எழுதித் துணைக்காலை மட்டும் அழித்தேன். வகுப்பே அமைதி. பின்வரிசைப் பையன் எழுந்து, "பொய்தான் டீச்சர். ஆனா அவன் மாட்டிக்கிட்டா ராஜாகிட்ட அப்புறம் யாரு சொல்லுவா?" என்றான். உடனே முன்வரிசையில் ஒருத்தி, "கோட்டைக்குள்ளயே நந்தினி குடுத்த மோதிரத்தைக் காட்டித்தானே வந்தான், அவனுக்கு இதே பழக்கம்" என்று மறுத்தாள். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் பக்க எண்ணோடு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நோட்டைப் பார்த்துவிட்டு, நந்தினிக்கு மூன்று கட்டம் போடப்போகிறேன்.